மெடிக்கல் சீட் யாருக்குச் சொந்தம்?

அரியலூர் மாவட்டம் செந்துறைக்குப் பக்கத்தில் குழுமூர் என்று ஒரு கிராமம். முந்திரித் தோப்புகளும் வானம் பார்த்த காடுகளும் உள்ள பகுதி. 2017-ம் ஆண்டு வரை அந்த ஊரின் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய எந்தக் காரணமும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. காரணம், இரண்டு எண்கள். ஒன்று 196.75. இன்னொன்று 86.

இரண்டும் ஒரே மாணவி, ஒரே ஆண்டில், ஒரே பாடங்களில் எடுத்த மதிப்பெண்கள்தான். முதல் எண்ணை வைத்துப் பார்த்தால் அனிதா டாக்டர். இரண்டாவது எண்ணை வைத்துப் பார்த்தால் "தகுதி இல்லாதவர்". ஒரே ஆளை இரண்டு தராசில் நிறுத்தால் இவ்வளவு வித்தியாசம் வருமா? வரும் என்றால் எந்தத் தராசு சரி? அந்தத் தராசை யார் செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நீட் தேர்விலிருந்து பதில் தேட ஆரம்பித்தால் பாதி பதில்தான் கிடைக்கும். குறைந்தது நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

பதினான்கில் ஒரு பங்கு

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு 1921-ல் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது. அது அரசு வேலைகளுக்கானது. அது உண்மையில் நடைமுறைக்கு வந்தது, முத்தையா முதலியார் அமைச்சராக இருந்த 1928-ல்தான். 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று கணக்கு.

கல்லூரி இடங்களுக்கும் இதே பாணியில் பங்கீடு வந்தது. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் கணக்கு இப்படி இருந்தது. 14 சீட்டில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் "பொதுப் போட்டி" என்று ஒன்று கிடையாது. எல்லா இடமும் யாராவது ஒரு பிரிவினருக்கு எழுதி வைக்கப்பட்டவை.

1950-ல் அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. உடனே இரண்டு பேர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்காக, சி.ஆர்.சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்காக. அப்போது மாகாணத்தின் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தம் இருந்த சீட் 330. அவ்வளவுதான். சீனிவாசன் இன்டர்மீடியட்டில் 450-க்கு 369 வாங்கியவர், விண்ணப்பித்தும் இருந்தார். செண்பகமோ விண்ணப்பமே போடவில்லை. பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நேராக வழக்குப் போட்டார். இதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

உயர் நீதிமன்றம், பிறகு 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இரண்டுமே வகுப்புவாரி ஆணை செல்லாது என்றன. மதம், சாதி காரணமாக மட்டும் ஒருவருக்கு அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை நிறைவேற்றி 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்புகளுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லும் பிரிவு அது. இந்தியாவில் இன்று கல்லூரிச் சேர்க்கையில் உள்ள எல்லா இடஒதுக்கீட்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாவட்டத்துக்கு இத்தனை என்று கொடுத்தால் என்ன?

சாதி வழியாகப் பங்கிட்டால் வழக்கு வருகிறது. ஊர் வழியாகப் பங்கிட்டால்? அதையும் தமிழ்நாடு செய்து பார்த்தது. இது பலருக்குத் தெரியாது. 1960-களில் எம்.பி.பி.எஸ். இடங்களை மாவட்ட மக்கள் தொகையின் அடிப்படையில் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் தனி மாவட்டங்கள் அல்ல, இரண்டும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. (பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-ல் மீண்டும் தனி மாவட்டம் ஆனது.)

இந்த மாவட்டப் பங்கீட்டை எதிர்த்து ராஜேந்திரன் என்பவர் தொடுத்த வழக்கில் 1968 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிப் பிரிக்காவிட்டால் சென்னை நகரத்து மாணவர்கள் கூடுதல் இடங்களைப் பிடித்துவிடுவார்கள் என்பது பங்கீட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சிறந்த மாணவரைத் தேர்ந்தெடுப்பதுதான் நோக்கம் என்றால், ஒரு மாவட்டத்தில் அதிக மார்க் எடுத்தவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மார்க் எடுத்தவர் உள்ளே போவது எப்படிப் பொருந்தும் என்று கேட்டு ரத்து செய்தது. அதே தீர்ப்பில், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பட்டியலை மட்டும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு வழக்கு வந்தது, பெரியகருப்பன் வழக்கு. அப்போது மருத்துவ சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருந்தது. ஒரு மாணவருக்குச் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு மேல் பேட்டி நடக்கவில்லை என்பது வெளியே வந்தது. மூன்று நிமிடத்தில் 75 மார்க்! யாருக்குப் போடுவார்கள், யாருக்குக் குறைப்பார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்? அந்தத் தேர்வு முறையையும் நீதிமன்றம் கண்டித்தது.

ஆக, 1970-களின் தொடக்கத்துக்குள் வகுப்புவாரிப் பங்கு, மாவட்டப் பங்கு, நேர்முகத் தேர்வு என்று மூன்று வழிகள் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் "என் சீட் போய்விட்டது" என்று நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்.

69 வந்த கதை

1969-ல் கலைஞர் ஆட்சி சட்டநாதன் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பின் 1971-ல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு 25-லிருந்து 31 சதவிகிதம் ஆனது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இடஒதுக்கீடு 16-லிருந்து 18 ஆனது.

1979-ல் எம்.ஜி.ஆர். ஒரு சோதனை செய்தார். ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இடஒதுக்கீடு இல்லை என்று ஆணை போட்டார். 1980 ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2 தொகுதிகள்தான். ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதோடு பிற்படுத்தப்பட்டோர் பங்கு 31-லிருந்து 50 ஆனது.

ஆனால் 50 சதவிகிதத்துக்குள்ளேயும் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் உண்டு அல்லவா? 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் வட மாவட்டங்களை முடக்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1989-ல் 50 சதவிகிதத்தில் இருந்து 20-ஐ மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1990-ல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவிகிதம் கொடுத்தபோது மொத்தம் 69 ஆனது. 1992 மண்டல் தீர்ப்பு 50 சதவிகித உச்சவரம்பை உறுதிசெய்ததும், ஜெயலலிதா அரசு 1993-ல் தனிச் சட்டம் இயற்றி, 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கவைத்தது. மூன்று முதல்வர்கள், இரண்டு கட்சிகள். ஆனால் பாதை ஒன்றுதான்.

மார்க் என்பது யாருடைய மார்க்?

சாதிவாரிக் கணக்கு முடிந்தாலும் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு மார்க் வேண்டும். 1984-ல் தமிழ்நாடு பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மார்க் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு, ஆக மொத்தம் 300. இருபது வருடம் இந்த 300 தான் பிள்ளைகளின் தலையெழுத்து. அந்த 100 மார்க்குக்காக நகரங்களில் கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இதைச் சரிக்கட்ட கிராமப்புற மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொண்டுவந்தபோது அதுவும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-ல் அனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, நுழைவுத் தேர்வை ஒழிக்கும் சட்டம் வந்தது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த ஆண்டிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்தான்.

அது பொற்காலமா என்றால், அதுவும் இல்லை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்யவைத்தது ஊரறிந்த ரகசியம். நிலத்தை விற்றுப் பிள்ளையை அங்கே சேர்த்த பெற்றோர் பெரம்பலூரிலும் உண்டு, அரியலூரிலும் உண்டு. அரசுப் பள்ளியில் இருந்து மெடிக்கல் போனவர்கள் அப்போதும் சொற்பம்தான். நீட்டை எதிர்ப்பவர்கள் இதை மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் வாதம் பலவீனமாகும்.

ஆனாலும் பிளஸ் டூ முறையில் ஒரு நியாயம் இருந்தது. படித்த பாடத்தில் தேர்வு. படித்த மொழியில் தேர்வு. புத்தகம் எல்லோருக்கும் ஒன்று.

2017

மருத்துவத்துக்கு நாடு முழுவதும் ஒரே தேர்வு என்ற அறிவிப்பு 2010-ல் வந்தது. முதல் நீட் 2013 மே மாதம் நடந்தது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டுக்கு அந்த ஓர் ஆண்டு மட்டும் அவசரச் சட்டத்தால் விலக்கு கிடைத்தது.

2017-ல் நடந்ததை வரிசையாக எழுதினால்தான் அதன் கொடுமை புரியும். ஆண்டுத் தொடக்கத்தில் சட்டமன்றம் விலக்கு கோரி இரண்டு மசோதாக்களை ஒருமனதாக நிறைவேற்றியது. டெல்லியில் இருந்து பதில் இல்லை. மே மாதம் நீட் நடந்தது. ஜூன் 22 அன்று மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு 85 சதவிகிதம் என்று அரசாணை. ஜூலை 14 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகஸ்ட் நடுவில், ஓராண்டு விலக்குக்கு மத்திய அரசு ஒத்துழைக்கும் என்று மத்திய அமைச்சர் ஒருவரே சொன்னார். ஆகஸ்ட் 22 அன்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கையை விரித்தது. நீட் அடிப்படையிலேயே கவுன்சிலிங் நடத்த உத்தரவானது.

இந்த எட்டு மாதமும் பிள்ளைகள் எந்தத் தேர்வுக்குப் படிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர்தான் குழுமூர் அனிதா. அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அம்மா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. இயற்பியல் 200, கணிதம் 200, வேதியியல் 199, உயிரியல் 194. மருத்துவக் கட்-ஆஃப் கணக்கு எளிது. உயிரியல் மார்க்கில் பாதி 97, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு 99.75, ஆக 196.75. நீட்டில் 720-க்கு 86. அந்த ஆண்டு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான குறைந்தபட்சத் தகுதி மார்க் 107.

உச்ச நீதிமன்ற வழக்கில் அனிதா தன்னையும் இணைத்துக்கொண்டு டெல்லி வரை போனார். செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 17. 2020-லும் 2021-லும் அதே மாவட்டம் இது போன்ற செய்திகளை மறுபடியும் கேட்டது. எந்தத் தேர்வும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் தேர்வு நடத்துபவர்களுக்கும் சொல்வது.

அந்தச் சட்டமன்ற மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது மக்களுக்குத் தெரிந்தது 2019-ல், அதுவும் நீதிமன்றம் வழியாக.

ஒரு விசித்திரமான ஒற்றுமை

1950-ல் செண்பகம் துரைராஜன் தரப்பு சொன்னது என்ன? "மார்க்கைப் பார், பிறப்பைப் பார்க்காதே." 2017-ல் அனிதா சொன்னது என்ன? "என் மார்க்கைப் பார்." இரண்டு பேரும் மார்க்கைத்தான் நம்பினார்கள். ஒருவருக்காக அன்று நீதிமன்றம் மார்க்கின் பக்கம் நின்றது. மூட்டை தூக்குபவரின் மகள் மார்க்கோடு வந்து நின்றபோது, அது செல்லாத மார்க் ஆகிவிட்டது.

மெரிட் என்பது ஒரு ஐந்தொகை மாதிரி. ஆண்டுக் கடைசியில் கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். தொடங்கும்போது யார் கையில் எவ்வளவு முதல் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்றால் பழைய கணக்கைப் புரட்ட வேண்டும். ஆங்கிலம் பேசும் வீடு, தனி அறை, கோச்சிங்குக்குக் கட்டிய லட்சங்கள், ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் மறுபடி எழுதும் வசதி எல்லாம் முதல்தான். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கை இதை எண்ணிலேயே காட்டியது. 2016-17-ல் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள், அதாவது ஓராண்டாவது காத்திருந்து வந்தவர்கள், 12.47 சதவிகிதம். 2020-21-ல் அது 71.42 சதவிகிதம். அந்த ஓர் ஆண்டு காத்திருப்பின் செலவை யார் வீட்டால் தாங்க முடியும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2023-ல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாக இருந்தபோது தகுதி வரம்பு பூஜ்யம் பர்சன்டைல் வரை இறக்கப்பட்டது. தேர்வு எழுதியிருந்தால் போதும், தகுதிதான். வரம்பு இறக்க முடியாத புனிதமான கோடு ஒன்றும் அல்ல என்பது அன்று தெரிந்துவிட்டது.

அதற்காக, பங்கீடு என்று பெயர் வைத்த எல்லாமே நியாயம் என்று ஆகிவிடாது. பக்கத்தில் இலங்கையைப் பார்த்தால் புரியும். 1970-களின் தொடக்கத்தில் அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கையில் மொழிவாரியாக மார்க்கைத் "தரப்படுத்தினார்கள்". தமிழ் மாணவர் கூடுதல் மார்க் எடுத்தால்தான் சிங்கள மாணவருக்குச் சமம் என்று ஆனது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அரசின் மீது நம்பிக்கை இழந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு, தமிழ் மாவட்டங்கள் உட்பட, கதவைத் திறந்தது. ஒரே நாட்டில், சில வருட இடைவெளியில், ஒரு பங்கீடு காயமாகவும் இன்னொன்று மருந்தாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு வழக்கில் 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. ஆனால் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் சலுகை அந்த வழக்கின் பொருளாகவே இல்லை. உரிமை மாதிரி பழகிப்போன சலுகை யார் கண்ணிலும் படுவதில்லை.

பிறகு நடந்தவை

2019-20-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 6 பேர். இந்த எண்ணைச் சொன்னது அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியே. நீதிபதி கலையரசன் குழு 10 சதவிகிதம் தரலாம் என்றது. அரசு 7.5 சதவிகிதம் உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. 2020 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்து, அந்த ஆண்டே 313 எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 2022-ல் உயர் நீதிமன்றமும் இதை ஏற்றது. சமீப காலத்தில் நடந்த உருப்படியான காரியம் இது.

ஆனால் ஒரு நெருடல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் இந்த ஒதுக்கீடு. அனிதா பிளஸ் டூ படித்தது தனியார் பள்ளியில். இன்று அவர் இருந்திருந்தாலும் இந்த 7.5-க்குள் வந்திருக்க மாட்டார். எந்தக் கோட்டைப் போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அனிதா நிற்கத்தான் செய்வார்.

நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் மீண்டும் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேறி டெல்லி போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இதற்கிடையில் 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் அரியலூரும் ஒன்று, 150 சீட். பெரம்பலூர் அந்தப் பட்டியலில் இல்லை. 1950-ல் ஆந்திரப் பகுதியையும் சேர்த்து மாகாணம் முழுவதற்கும் 330 சீட் இருந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சண்டை ஓயாததற்கு ஒரு காரணம் பங்கீடு என்றால், இன்னொரு காரணம் பங்கிடுவதற்குப் பாத்திரத்தில் சோறு குறைவு என்பது. எண்ணிக்கை கூடக்கூட கோபம் கொஞ்சம் குறையும்.

அரியலூர் மருத்துவக் கல்லூரியின் அரங்குக்கு 2023-ல் அனிதாவின் பெயர் வைக்கப்பட்டது. இப்போது அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்து விழா நடத்துகிறார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. பின்தங்கிய மாவட்டங்கள் என்று பேர் வாங்கிய இந்த இரண்டும், 2022 பிளஸ் டூ தேர்ச்சியில் பெரம்பலூர் 97.95 சதவிகிதத்தோடு மாநில முதலிடம், 2023 பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூர் முதலிடம், 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் முதலிடம், 2025 பிளஸ் டூவில் 98.82 சதவிகிதத்தோடு மறுபடியும் அரியலூர் முதலிடம். சோளக்காட்டிலும் சின்ன வெங்காயக் காட்டிலும் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள், சிமெண்டு லாரி ஓட்டுபவர்களின் பிள்ளைகள் இதைச் செய்திருக்கிறார்கள். புத்தகம் கொடுத்து, ஆசிரியர் கொடுத்து, அந்தப் புத்தகத்திலிருந்தே கேள்வி கேட்டால் பதில் எழுதத் தெரிந்த பிள்ளைகள்.

சீட் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நூறு வருடத்தில் யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. ஒருவேளை யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான் பதிலோ என்னவோ. அது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி. அங்கே உருவாகும் டாக்டர் செந்துறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து உட்காருவாரா, நோயாளி சொல்வது அவருக்குப் புரியுமா என்பதும் தகுதியில் சேர்த்திதான். அதற்கு இதுவரை யாரும் மார்க் போடவில்லை.